மூர்த்திக்கு, ட்வின் கமாஞ்சி விஷயமாக

அன்புள்ள மூர்த்தி,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நீ சான் அன்டோனியோவில் 1966-ஆம் வருட ட்வின் கமாஞ்சி விமானம் ஒன்றைப் பேசி முடித்துவிட்டாய், அடுத்த வாரம் அட்வான்ஸ் என்று சுந்தரம் சொன்னான். பழைய லாம்ப்ரட்டா வாங்கவே ஊரெல்லாம் விசாரித்தவன் நீ! சந்தோஷம்தான். ஆனால் இரட்டை எஞ்சின் பயிற்சியையும் அதிலேயே முடிக்கப்போகிறாய் என்றதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

விமானம் அருமையானது. ஒற்றை எஞ்சின் கமாஞ்சியின் மூக்கிலிருந்த எஞ்சினை எடுத்துவிட்டு, இறக்கைக்கு ஒன்றாக 160 குதிரைசக்தி லைகமிங் எஞ்சின் வைத்து இதை வடிவமைத்தவர் எட் ஸ்வேரிங்கன், உங்கள் ஊர்க்காரர். 1962 நவம்பரில் முதல் பறத்தல். மறு வருஷமே பைபர் கம்பெனி விற்க ஆரம்பித்தது. அதே சக்தியில் பைபரின் பழைய இரட்டை எஞ்சின் விமானமான அப்பாச்சி மணிக்கு 170 மைலை ஒட்டித்தான் போகும். இது 190-ஐத் தாண்டும். இரண்டு எஞ்சினும் சேர்ந்து மணிக்கு 16, 17 காலன் குடிக்கும். பயன்படுத்தக்கூடிய பெட்ரோல் 84 காலன், ஆக ஐந்து மணி நேரம். கூடுதல் டேங்குகள் வைத்து மேக்ஸ் கான்ராட் என்ற விமானி 1964 டிசம்பரில் கேப்டவுனில் கிளம்பி, எங்கும் இறங்காமல் 7,878 மைல் பறந்து ஃபுளோரிடா சேர்ந்தார். இந்தச் சிக்கனத்தால்தான் பயிற்சிப் பள்ளிகள் எல்லாம் இதை வாங்கின. விபத்துகளும் அங்கேதான் நடந்தன.

விஎம்சி என்ற எண்ணைப் படித்திருப்பாய். ஒரு எஞ்சின் நின்று மற்றது முழு சக்தியில் இழுக்கும்போது, வால் சுக்கானான ரட்டரை முழுக்க மிதித்தாலும் மூக்கை நேராக வைத்திருக்கக்கூடிய கடைசி வேகம் அது. பைபர் முதலில் 80 மைல் என்று போட்டது. இறக்கையின் பின்விளிம்பிலுள்ள பிளாப்பை இறக்காமல் இந்த விமானம் ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தூக்குசக்தியை இழக்கும், வேகமோ 76. இடைவெளியைப் பார்த்தாயா? உயரம் கூடக் கூட எஞ்சினின் இழுப்பு குறையும், அதனால் விஎம்சியும் இறங்கும். ஸ்டால் வேகம் மட்டும் மீட்டரில் அப்படியே நிற்கும். சில ஆயிரம் அடிக்கு மேல் இரண்டும் ஒன்றாகிவிடும். மூக்கு திரும்பப்போகிறது என்று காத்திருப்பவனுக்கு அதற்கு முன்பே ஸ்டால் வரும், அதுவும் ஒரு பக்கம் முழு சக்தி இழுத்துக்கொண்டிருக்கும்போது. நேராக ஸ்பின்தான், சுழன்றுகொண்டே விழும். தாழ்வாகச் செய்தால் மீள உயரம் இல்லை. இப்படிப் பயிற்சியாளரும் மாணவரும் சேர்ந்தே பல விபத்துகளில் செத்திருக்கிறார்கள், மூர்த்தி. பிறகுதான் எண்ணை 90 ஆக்கினார்கள், இறக்கையின் முன்விளிம்பில் ஸ்டால் ஸ்டிரிப் என்ற சிறு பட்டைகள் வைத்தார்கள். 1970-இல் வந்த பிஏ-39 என்ற மாடலில் வலது ப்ரொப்பெல்லரை எதிர்ப்பக்கமாகச் சுழலவிட்டார்கள். நீ பார்த்திருப்பதில் இரண்டும் ஒரே பக்கம்தான் சுழலும். இடது எஞ்சின் நின்றால்தான் பாடு அதிகம்.

எனவே 97 மைலுக்குக் கீழே வேண்டுமென்றே எஞ்சினைக் குறைக்க எந்தப் பயிற்சியாளரையும் விடாதே. விஎம்சி பாடம் எடுக்கும்போது ரட்டர் முடியும்வரை போக வேண்டாம். மூக்கு லேசாக நகர்ந்தாலோ, ஸ்டால் எச்சரிக்கை வந்தாலோ, உடனே ஓடுகிற எஞ்சினின் த்ராட்டிலைப் பின்னுக்கு இழு, மூக்கைத் தாழ்த்து. மூக்கை மேலே இழுத்துப் பிடிக்கத்தான் கை துடிக்கும். அந்தத் துடிப்பை அடக்க முதலில் பழகிவிட வேண்டும். ஓடுகிற எஞ்சின் பக்கம் ஐந்து டிகிரி சாய்த்தே பற. இறக்கையை மட்டமாக வைத்தால் விஎம்சி ஏறிவிடும்.

பாதி சக்தி போனால் பாதி ஏற்றம் மிஞ்சும் என்று உன் பொறியாளர் மூளை கணக்குப் போடும். மட்டமாகப் பறப்பதற்கே பெரும்பங்கு சக்தி போய்விடும், மீதியில்தான் ஏற முடியும். இரண்டு எஞ்சினில் நிமிஷத்துக்கு 1,460 அடி, ஒன்றில் 260. அந்த 260-ம் புது விமானத்துக்கு, கடல் மட்டத்தில், சக்கரங்களை (கியரை) மடக்கி, நின்ற ப்ரொப்பெல்லரை ஃபெதர் செய்து, அதாவது பிளேடுகளைக் காற்றைத் தடுக்காதபடி திருப்பி, 105 மைலைப் பிடித்தால்தான். டெக்சாஸ் கோடையில் அதையும் நம்பாதே. ஃபெதர் செய்வதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இதிலுள்ள ஹார்ட்செல் ப்ரொப்பெல்லரில் எண்ணெய் அழுத்தம் பிளேடை ஃபைன் (தட்டைக் கோணம்) பக்கம் தள்ளும், காற்று அழுத்தமும் எதிர்எடைகளும் ஃபெதர் பக்கம் இழுக்கும். தரையில் அணைக்கும்போது ஃபெதருக்குப் போகாமலிருக்க உள்ளே பூட்டு ஒன்று இருக்கிறது. சுழற்சி ஆயிரத்துக்குக் கீழே சரிந்தால் அது பூட்டிக்கொண்டுவிடும், பிறகு எவ்வளவு இழுத்தாலும் ஃபெதர் ஆகாது. எண்ணெய் அழுத்தம் விழுகிறதென்றால் யோசித்துக்கொண்டு உட்காராதே, சுழற்சி இருக்கும்போதே ஃபெதர் செய்துவிடு.

வாங்கும் முன் மெக்கானிக்கை வைத்து மூன்றைப் பார். வாலின் கிடைப்பகுதியான ஸ்டெபிலேட்டரைத் திருப்பும் டார்க் டியூபின் ஹார்னில் விரிசல் உண்டா? இறக்கைக்குள் இருக்கும் ரப்பர் டேங்குகள் சுருங்கியிருக்கின்றனவா? மடிப்பில் தண்ணீர் தங்கும், வடிகாலில் இறங்காது; கிளிப் கழன்று டேங்க் தொய்ந்தால் பெட்ரோல் மீட்டரும் பொய் சொல்லும். மூன்றாவது, மெயின் கியரின் பஞ்சி என்ற ரப்பர் கயிறுகள். 500 மணி நேரம் அல்லது மூன்று வருஷம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றியாக வேண்டும். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் இழுவை போயிருக்கும், கியர் மோட்டார் திணறும். அதோடு, விமானத்தை ஜாக்கில் ஏற்றி, மோட்டாரை விடுவித்துக் கைப்பிடியாலேயே கியரை ஒருமுறை இறக்கிப் பார்.

லாக் புக்கில் கியர் வேலைகள் எழுதியிருக்கும் பக்கங்களையும் ப்ரொப்பெல்லர் ஓவர்ஹால் பக்கத்தையும் படமெடுத்து இன்றே அனுப்பு. பார்த்துச் சொல்கிறேன், அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதே. லலிதாவிடம் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ராகவன்