ஒரு தலை கூடுதல்

அன்பு மகளே,

நீ போனில் சொன்னது இரண்டு நாளாக மனதிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. பல மாதமாகத் திட்டம் போட்டு, விடிவதற்கு முன்பே பிள்ளைகளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போன தீம் பார்க்கில், பச்சை டி-ஷர்ட் போட்ட ஒரு பெரிய கூட்டம் எங்கே திரும்பினாலும் உங்களுக்கு முன்னால் நின்றது என்றாய். அவர்கள் போட்ட சத்தத்தில் சின்னவன் காதைப் பொத்திக்கொண்டு அழுதிருக்கிறான். மாப்பிள்ளை யாரோ ஒரு பையனிடம் குரலை உயர்த்திவிட்டார். மதியத்திலேயே திரும்பிவிட்டீர்கள். "இனி அந்தப் பக்கமே போகமாட்டேன் அம்மா" என்றாய். அப்புறம் கொஞ்சம் கழித்து, பெரியவள் பிறந்தநாளுக்கு மறுபடியும் அங்கேதான் போகவேண்டும் என்கிறாள் என்றும் சொன்னாய்.

கட்டாயம் போங்கள். போவதற்கு முன் நான் எழுதுவதைப் படித்துவிடு. அந்தப் பச்சைச் சட்டைக் கூட்டத்தை நீ வெளியிலிருந்து பார்த்தாய். நான் அதற்குள் இருந்தவள். பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்த காலமெல்லாம் வருஷம் தவறாமல் நாற்பது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இப்படிப்பட்ட பூங்காக்களுக்குப் போயிருக்கிறேன். கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்ததும் நான்தான். அதனால் அந்தக் கூட்டம் எப்போது எங்கே இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

நாற்பது பேரை வைத்துக்கொண்டு சீக்கிரம் எதுவும் நடக்காது. பேருந்தில் ஏற்றும்போது ஒரு தடவை எண்ணவேண்டும், இறக்கும்போது ஒரு தடவை. வாசலில் நுழைவுச் சீட்டு மொத்தமாக வரும்வரை நிற்கவேண்டும். உள்ளே போனதும் எல்லோரையும் நிறுத்தி ஒரு போட்டோ. அதற்குள் நாலு பேருக்குக் கழிப்பறை. இத்தனையும் முடிந்து முதல் ரைடு பக்கம் போகும்போது பூங்கா திறந்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும். அந்த ஒரு மணி நேரம் உன்னுடையது. திறப்பதற்கு அரை மணி முன்னாலேயே வாசலில் நின்றுவிடு. மற்ற நேரத்தில் பாதி நாள் பிடிக்கும் வேலை அப்போது முடிந்துவிடும்.

அப்புறம் மதியச் சாப்பாடு. குழுவுக்கு எப்போதும் முன்பதிவுதான், பெரும்பாலும் பன்னிரண்டிலிருந்து ஒன்றரைக்குள். நாங்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் நீங்கள் ரைடுக்குப் போங்கள். நீங்கள் பதினொன்றுக்கோ இரண்டு மணிக்கு மேலோ சாப்பிடுங்கள். பள்ளிக் குழுவாக இருந்தால் பேருந்து நாலு, ஐந்து மணிக்குக் கிளம்பிவிடும். மதியம் வரை பூங்கா முழுக்கக் கேட்ட கூச்சல் அதற்கு மேல் சட்டென்று அடங்குவதைக் கவனித்திருக்கிறாயா? நீ அன்று இருந்திருந்தால் கேட்டிருப்பாய். நீங்கள் வெளியே வந்த அந்த நேரத்துக்குப் பிறகுதான் நல்ல பொழுது. அதனால் இந்தத் தடவை சின்னவனை மதியம் எங்காவது நிழலான, அமைதியான இடத்தில் படுக்கவை. ஒரு மணி நேரம் தூங்கி எழுந்தான் என்றால் மாலை முழுக்க உங்களோடு தாங்குவான். ஊரிலேயே தங்கி வருகிற பெரிய சுற்றுலாக் குழுக்கள் வேறு மாதிரி, அவர்கள் ஊர்வலமும் வாணவேடிக்கையும் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். அவர்களுக்கு மாலைக் கணக்கு பொருந்தாது. ஆனால் காலைக் கணக்கு அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

எந்த நாளுக்குப் போகிறாய் என்பதையும் ஒருமுறை பார். நம் பிள்ளைகளுக்கு விடுமுறையா என்று பார்த்தால் மட்டும் போதாது. குழுக்கள் எங்கிருந்து வருகின்றனவோ அந்த ஊர்களின் விடுமுறையையும் பார்க்கவேண்டும். அமெரிக்காவின் ஓர்லாண்டோ பூங்காக்களில் ஜூலை மாதம் பிரேசில் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக இருப்பார்கள், ஏனென்றால் அங்கே அப்போது குளிர்காலப் பள்ளி விடுமுறை. சீனாவில் அக்டோபர் 1 தொடங்கி ஒரு வாரம் நாடே பயணத்தில் இருக்கும். ஜப்பானில் ஏப்ரல் கடைசியும் மே முதல் வாரமும் அப்படித்தான். நீ போகும் பூங்காவுக்கு யார் அதிகம் வருகிறார்கள் என்று தெரிந்தால், எந்த வாரத்தைத் தவிர்க்கலாம் என்று நாள்காட்டியே சொல்லிவிடும்.

இப்போது உன் கோபத்துக்கு வருகிறேன். "அம்பது பேர் முன்னால் நின்றால் நம் முறை எப்போது வரும்?" என்று கேட்டாய். கேள்வி சரிதான், உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு ரோலர் கோஸ்டர். ஒரு ரயிலில் 24 இருக்கை, நிமிஷத்துக்கு ஒரு ரயில் கிளம்புகிறது என்று வை. மணிக்கு 1440 பேர். உனக்கு முன்னால் 48 பேர் கொண்ட குழு நின்றால் அவர்களுக்கு இரண்டு ரயில் போதும். அதாவது அவர்களால் உனக்கு ஆன தாமதம் இரண்டே நிமிஷம். அதே குழு சின்னப் பிள்ளைகளின் ராட்டினம் போன்ற ஒன்றுக்கு முன்னால், மணிக்கு 300 பேர் மட்டும் ஏறக்கூடிய இடத்தில் நின்றால்? நிமிஷத்துக்கு ஐந்து பேர்தான். 48 பேருக்கு ஏறக்குறைய பத்து நிமிஷம். இரண்டு குழு சேர்ந்துகொண்டால் இருபது. கூட்டம் ஒன்றுதான், ரைடைப் பொறுத்துத்தான் தாமதம். எனவே பெரிய ரயில்கள், படகுகள், நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும் பெட்டிகள் ஆகியவற்றில் குழுவைப் பார்த்துப் பயந்து விலகாதே, வரிசையில் நின்றுவிடு. சின்ன ராட்டினங்கள், நாலு பேர் மட்டும் உட்காரும் பெட்டிகள், கதாபாத்திர வேடம் போட்டவர்களோடு போட்டோ எடுக்கும் இடம், இவற்றின் வாசலில் ஒரே நிறச் சட்டைகளைப் பார்த்தால் நின்று யோசிக்காமல் வேறு பக்கம் நட. சின்னவனுக்குப் பிடித்தவை எல்லாம் இந்த இரண்டாவது வகைதான் என்பதால், அந்த முதல் ஒரு மணி நேரத்தை அவனுக்கே கொடுத்துவிடு.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இப்போது பல பூங்காக்களில் இரண்டு வரிசை: சாதாரண வரிசை ஒன்று, சீக்கிரம் ஏறுவதற்கான வேக வரிசை ஒன்று. 1999இல் டிஸ்னி பூங்காக்களில் ஃபாஸ்ட்பாஸ் என்ற வேக வரிசைச் சீட்டு வந்ததிலிருந்து பரவிய வழக்கம் இது, இப்போது பல இடங்களில் தனிக் கட்டணத்தோடு இருக்கிறது. வேக வரிசைக்காரர்களுக்கு ரயிலில் பெரும்பங்கு இடம் போய்விடும். நான்கில் மூன்று பங்கு இருக்கை அந்தப் பக்கம் போனால், உன் வரிசைக்கு நிமிஷத்துக்கு ஆறு இடம்தான் மிச்சம். அந்த 48 பேர் சாதாரண வரிசையில் உனக்கு முன்னால் நின்றால் இரண்டு நிமிஷம் எட்டு நிமிஷம் ஆகிவிடும். ஒரு குழு முழுக்க வேக வரிசையில் வந்துவிட்டால் உன் வரிசை கொஞ்ச நேரம் அசையவே அசையாது. அன்று நீங்கள் நின்ற இடத்தில் அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஏன் அசையவில்லை என்று தெரியாமல் நின்றதுதான் உங்களைச் சோர்வாக்கியது.

வாசலில் பலகையில் போட்டிருக்கும் நிமிஷத்தை மட்டும் நம்பாதே. இப்போதுதான் ஐம்பது பேர் உள்ளே போனார்கள் என்பது அந்தப் பலகைக்கு உடனே தெரியாது. 1961இல் ஜான் லிட்டில் என்பவர் நிறுவிய எளிய விதி ஒன்று உண்டு. அதன்படி, முன்னால் நிற்கும் தலைகளை உன் வரிசையிலிருந்து ஒரு நிமிஷத்தில் ஏறுகிறவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் காத்திருக்கும் நேரம் வந்துவிடும். 120 பேர், நிமிஷத்துக்கு பத்துப் பேர் என்றால் 12 நிமிஷம். இதைப் பெரியவளிடம் விட்டுவிடு. அவள் எண்ணட்டும், வகுக்கட்டும், கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சரிபார்க்கட்டும். எத்தனை நேரம் என்று தெரிந்துவிட்டால் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள், கையில் ஒரு வேலையும் இருந்தால் இன்னும் நல்லது. 1985இல் டேவிட் மேய்ஸ்டர் என்ற மேலாண்மை நிபுணர் காத்திருப்பின் மனநிலையைப் பற்றி எழுதியபோது இதைத்தான் சொன்னார்: சும்மா நிற்கும் நேரம் நீளமாகத் தெரியும், எவ்வளவு நேரம் என்று தெரியாவிட்டாலும் நீளம், அநியாயம் நடக்கிறது என்று தோன்றிவிட்டாலும் நீளம்.

அநியாயம் என்று சொல்லும்போதுதான் மாப்பிள்ளையின் கோபம் எனக்குப் புரிகிறது. ஒரு பையன் இடம் பிடித்து நிற்கிறான், பத்து நிமிஷம் கழித்து அவனுடைய கூட்டாளிகள் பதினைந்து பேர் கயிற்றுக்குக் கீழே குனிந்து வந்து சேர்ந்துகொள்கிறார்கள். அது தவறுதான். வரிசையில் இடம் பிடித்து வைப்பது கூடாது என்று பல பூங்காக்களின் விதிகளிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் அந்தப் பையனோடு சண்டை போட்டுப் பயனில்லை. பதினாறு வயதுப் பையன் தன் நண்பர்கள் முன்னால் விட்டுக்கொடுக்கமாட்டான். கொடி பிடித்தவரைத் தேடு, அல்லது கழுத்தில் விசிலும் அடையாள அட்டையும் தொங்கவிட்டிருப்பவரைப் பார். "உங்கள் பிள்ளைகள் சிலர் பின்னாலிருந்து முன்னே போகிறார்கள், கொஞ்சம் பார்க்கிறீர்களா?" என்று அமைதியாகச் சொல். என்னிடம் இப்படி வந்து சொன்ன ஒவ்வொரு முறையும் நான் வெட்கப்பட்டு ஓடிப்போய்ப் பிள்ளைகளைப் பின்னால் கூட்டிவந்திருக்கிறேன். தலைவர் கண்ணில் படாவிட்டால் ரைடு வாசலில் நிற்கும் ஊழியரிடம் சொல்லிவிட்டு அதோடு விட்டுவிடு.

சில சின்ன விஷயங்கள். ஊர்வலம் பார்க்கத் திறந்த மைதானத்தில் இடம் பிடிக்காதே, கடைசி நிமிஷத்தில் நாற்பது பேர் வந்து முன்னால் நிற்பார்கள். தூணுக்கும் செடித் தொட்டிக்கும் நடுவில் நாலு பேர் மட்டும் நிற்கக்கூடிய இடமாகப் பார். வாசலுக்கு அருகில் இருக்கும் கழிப்பறைக்குள் குழு நுழைவதைப் பார்த்தால், பூங்காவின் கோடியில் இருப்பதைத் தேடு. சின்னவனுக்குச் சத்தம் ஆகாது, எனவே காதை மூடும் கவசம் ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள். மாப்பிள்ளைக்குத் தனியாளுக்கான வரிசை இருக்கிறதா என்று கேட்டுப் பார். குழுப் பிள்ளைகள் தங்கள் கூட்டாளிகளோடு சேர்ந்துதான் உட்காருவார்கள், நடுவில் ஒற்றை இருக்கைகள் காலியாகப் போவதுண்டு.

ஒன்றை மட்டும் மறக்காமல் செய்யவேண்டும், அதைச் சொல்லத்தான் இத்தனை நீளக் கடிதம்.

நீ கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த வருஷம். 42 பிள்ளைகளோடு போயிருந்தேன், எல்லோருக்கும் மஞ்சள் தொப்பி, மஞ்சள் சட்டை. மதியம் சாப்பாட்டுக்கு முன் எண்ணினேன். 43 வந்தது. தப்பாக எண்ணிவிட்டேன் என்று மறுபடியும் எண்ணினேன். மறுபடியும் 43. இத்தனை வருஷத்தில் குறைந்து பார்த்துப் பதறியிருக்கிறேன், கூடிப் பார்த்ததே இல்லை. வரிசையின் கடைசியில், எங்கள் பெண்ணொருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, மஞ்சள் கவுன் போட்ட நாலு வயதுக் குழந்தை நின்றிருந்தது. அது அழக்கூட இல்லை. மஞ்சளைப் பார்த்து, தன் அக்கா அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறாள் என்று நினைத்து, பூங்காவின் பாதித் தூரம் எங்களோடு நடந்து வந்துவிட்டிருக்கிறது. எங்கள் பெண் அதை வேறு டீச்சரின் குழந்தை என்று நினைத்திருக்கிறாள். ஊழியர்களிடம் ஒப்படைத்து, அதன் அம்மா ஓடிவந்து சேர்வதற்குள் இருபது நிமிஷம் ஆனது. அந்த அம்மாவின் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "எண்ணினீர்களே" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அதனால் காலையில் பூங்காவுக்குள் நுழைந்ததும் சுற்றிப் பார். எந்த நிறத்தில் குழு வந்திருக்கிறதோ அந்த நிறம் சின்னவன் மேல் இருக்கக்கூடாது. பையில் வேறு நிறத்தில் ஒரு சட்டை எடுத்துக்கொண்டு போ. அன்று போட்டிருக்கும் உடையோடு இருவரையும் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள். உன் போன் நம்பரை அவன் மணிக்கட்டில் அழியாத மையில் எழுது. தொலைந்துபோனால் சட்டையில் பெயர் அட்டை குத்தியிருக்கும் ஊழியரிடம் போகவேண்டும் என்று சொல்லிக்கொடுத்து, அப்படி ஒருவரை நேரிலேயே காட்டிவிடு. குழு ஒன்று எதிரே வந்தால் அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகாதே. ஓரமாக நின்று அவனைத் தூக்கிக்கொள். நாற்பது பேர் கடக்க அரை நிமிஷம்தான். கடைசியில் ஒரு டீச்சர் வேர்த்து விறுவிறுத்து வருவாள், அவள் கடந்த பிறகு நடக்கலாம்.

பெரியவளின் பெரிய ரைடுகளுக்கு நீங்கள் இருவரும் மாறி மாறிப் போகலாம். ஒருவர் சின்னவனோடு வெளியே இருந்துவிட்டு, மறுபடியும் முழு வரிசை நிற்காமல் அடுத்தவர் ஏறும் ஏற்பாடு பல இடங்களில் உண்டு. ரைடர் ஸ்விட்ச், சைல்ட் ஸ்வாப் என்று ஏதாவது ஒரு பெயர் இருக்கும். வரிசைக்குள் போவதற்கு முன் வாசல் ஊழியரிடம் கேட்டுவிடு. சில ரைடுகளுக்கு 102 செ.மீ உயரம் போதும், பெரிய ரோலர் கோஸ்டர் சிலவற்றுக்கு 122 வேண்டும். சின்னவன் 102 தொட்டுவிட்டான் என்றால் காலைத் திட்டத்தை நான் கொஞ்சம் மாற்றிப் போட்டுத் தருகிறேன். அன்றைக்குப் போடப்போகிற செருப்போடு அவனைச் சுவரோரம் நிற்கவைத்து அளந்து, இன்று இரவே எனக்குச் சொல்.

அன்புடன்,
அம்மா