கோமதிக்கு, ரோட்டோருவாவிலிருந்து

ரோட்டோருவா, நியூசிலாந்து
ஜனவரி 18

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. திட்டாதே. இங்கே இப்போது கோடை, பைன் காய் பறிக்கிற காலம். உள்ளே கரு எங்களுக்கு வேண்டிய பருவத்தில் இருப்பது சில வாரங்கள்தான். விட்டால் அடுத்த டிசம்பர்தான்.

"நாங்கள் திசு வாழைக் கன்றை லாரி லாரியாக அனுப்புகிறோம், நீங்கள் ஒரு பைனுக்கு ஏன் இத்தனை வருஷம் முக்குகிறீர்கள்?" என்று கேட்டிருந்தாய். நியாயந்தான். வாழையில் நல்ல தாரைப் பார்த்துவிட்டு, அதன் பக்கக்கன்றைத் தோண்டிக் குருத்தை பாட்டிலில் போட்டுவிடலாம். நாங்கள் நகல் எடுக்கப் பார்க்கும் ரேடியேட்டா பைன் கட்டைக்காக வளர்க்கிற மரம்; இங்கே சுமார் 28 வயதில்தான் வெட்டுகிறார்கள். நேராக வளருமா, கட்டை தேறுமா என்று ஓரளவு சொல்லவே ஏழெட்டு வருஷமாகும். அதற்குள் திசு கிழடு தட்டிவிடும். துண்டு எடுத்து மீடியத்தில், அதாவது பாட்டிலில் இருக்கும் சத்துக் கூழில், வைத்தால் பெரும்பாலும் கறுத்துப் போகிறது. இளசில் நகல் எடுக்கலாம், மரத்தின் தரம் தெரியாது; தரம் தெரிகிற வயதில் நகல் வராது.

உங்கள் வாசலில் இருந்த கிறிஸ்துமஸ் மரம் ஞாபகம் இருக்கிறதா? பக்கக் கிளையை ஒடித்துத் தொட்டியில் நட்டோமே. வேர் பிடித்தது, ஆனால் நிமிரவே இல்லை. பல்லி மாதிரி தொட்டி விளிம்பில் படுத்தே வளர்ந்தது. உன் அம்மாகூட நாம் தண்ணீர் சரியாக ஊற்றவில்லை என்றார்கள். பாவம், அது கிளையாகப் பிறந்தது, கிளையாகவே வளர்ந்தது. ஊசியிலை மரங்களோடு இதே வம்புதான்.

அதனால் விதையிலிருந்தே தொடங்குகிறோம். பச்சைக் காயைப் பிளந்து, விதையின் ஓட்டை உரித்து, உள்ளே இருக்கும் வெள்ளைச் சதையைக் கருவோடு மீடியத்தில் வைப்பேன். எல்லா விதையும் இசையாது. இசைந்தால், சில வாரத்தில் ஒரு முனையிலிருந்து இளநுங்கைச் சுரண்டி வைத்த மாதிரி ஒன்று பிதுங்கி வரும். தொட்டால் வெண்டைக்காய் வழுவழுப்பு. மைக்ரோஸ்கோப்பில் பார், சின்னத் தலையும் நீள வாலுமாகக் கரு மேல் கரு! பைன் விதைக்குள் ஒரே கரு நாலாகப் பிரிவது இயற்கையிலேயே உண்டு. நாங்கள் அதை நிற்கவிடாமல் ஓட்டுகிறோம், அவ்வளவுதான். 1985இல் நார்வே ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தில் இப்படிக் கரு எடுத்த பிறகுதான் இந்தத் தொழிலுக்கே உயிர் வந்தது. அப்புறம் அப்சிசிக் அமிலம் என்ற தாவர ஹார்மோன் சேர்த்த மீடியத்துக்கு மாற்றினால் பெருகுவதை நிறுத்தி முதிரும். உச்சியில் குட்டிக் கிரீடம் போல விதையிலைகள் எழும்பும்.

வயதுச் சிக்கலுக்குப் பதில் ஃப்ரீசரில் இருக்கிறது. ஒவ்வொரு விதையிலிருந்தும் பெருகிய திசுவில் பாதியைக் கன்றாக்கிச் சோதனைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டு, மீதியைச் சின்னக் குழாய்களில் போட்டு, உறையும்போது திசு சாகாமல் காக்கிற சார்பிட்டால், டிஎம்எஸ்ஓ கலந்து மெல்லக் குளிரவைத்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் இறக்குகிறோம். காட்டில் மரத்துக்கு வயது ஏறும், டேங்கில் இருக்கும் அதன் திசுவுக்கு ஏறாது. தேறிய மரம் எது என்று தெரிந்ததும் அந்தக் குழாயை எடுத்து உருக்கினால் போதும்.

ஒரே வகையைக் காடு முழுக்க நட்டுவிடுவார்களோ என்ற பயம் எனக்கும் உண்டு. வாடல் நோய் வந்த வாழைத் தோட்டத்தை நீ பார்த்திருக்கிறாய், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த சீசனில் என் அவசரத்தால் நாற்பது தட்டு பூஞ்சையில் போயிற்று. இடுக்கியைச் சரியாகச் சுடவில்லை. இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. போன வாரம், நான் இங்கே வந்த புதிதில் உறையவைத்த குழாய் ஒன்றை எடுத்து உருக்கித் தட்டில் வைத்தோம். லேபிளில் என் பழைய கையெழுத்து, 'ர' எல்லாம் கோணலாக. தினமும் காலையில் தட்டைத் தூக்கிப் பார்க்கிறேன். இன்று ஓரத்தில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளையாக ஒன்று தெரிகிறது. பூஞ்சையா திசுவா என்று திங்கட்கிழமைதான் தெரியும்.

அந்தத் தொட்டிச் செடி இன்னும் இருந்தால் ஒரு படம் அனுப்பு.

அன்புடன்,
சாந்தி