பழைய மோட்டோகிராஸ் (மண் தடப் பந்தய) வண்டிக்குப் பாகம் தேடுபவர்களுக்கு

நண்பர்களே, பாகம் வாங்கும்போது மாடல் பெயரை மட்டும் நம்பாதீர்கள், பாக எண்ணைப் பாருங்கள். ஹோண்டா எண்ணின் நடுவில் உள்ள 3 இலக்கம், அது முதலில் எந்த வண்டிக்குச் செய்யப்பட்டது என்று சொல்லிவிடும். 357 என்றால் சிஆர்250எம் எல்சினோர். யமஹாவில் பாக எண்ணின் முதல் 3 இலக்கமோ எழுத்தோ அதைச் சொல்லும்.

அப்புறம், மட்கார்டு விரிசலுக்குத் தயவுசெய்து சூப்பர் க்ளூ வேண்டாம். பெரும்பாலும் மட்கார்டு பாலிப்ரோப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன் பிளாஸ்டிக், பசை பிடிக்காது. விரிசல் முடியும் இடத்தில் சின்னத் துளை போடுங்கள், மேற்கொண்டு ஓடாது. பிறகு விரிசலை வி வடிவில் சுரண்டி, அதே வகை பிளாஸ்டிக் குச்சியை உருக்கி நிரப்புங்கள். அவசரப்பட்டால் ஓரம் கருகிவிடும்.

உடைந்த மட்கார்டை எறியாதீர்கள், குச்சி வெட்ட அதுவே போதும். யாரிடமாவது அப்படி உடைந்த மட்கார்டு இருந்தால் இங்கே படம் போடுங்கள்.

ஃபைபர் கிளாஸ் டேங்க்கில் எத்தனால் கலந்த பெட்ரோல் வேண்டவே வேண்டாம், இழைகளைப் பிணைக்கும் ரெசின் (பிசின்) இளகிவிடும்.