கிறீன் டாக்டரின் புத்தகங்களை முதலில் திறந்து பாருங்கள்

மருத்துவப் பாடநூல்களைத் தமிழாக்கும் குழுவினருக்கு,

வணக்கம். மருத்துவத்தைத் தமிழில் படிக்க முடியுமா என்ற பேச்சு வரும்போதெல்லாம், இனிமேல்தான் பிள்ளையார் சுழி போட வேண்டும் என்பதுபோலவே பேசுகிறோம். எனக்கு யாழ்ப்பாணத்து மானிப்பாய் ஞாபகம் வந்துவிடும். கிறீன் டாக்டர் மருத்துவம் கற்றுக்கொடுத்த ஊர் அது.

அமெரிக்காவில் வூஸ்டர் என்ற ஊரில் 1822இல் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மிஷன் மருத்துவர். மதம் பரப்ப வந்தவர்தான், அதை மறைப்பானேன். வந்தவர் தமிழ் கற்றார். ஆங்கிலத்தில் நடத்திவந்த மருத்துவ வகுப்பை 1860களில் தமிழுக்கு மாற்றினார். மொத்தம் 60க்கும் மேற்பட்டோர் அவரிடம் படித்து வைத்தியர்களானார்கள். ஆங்கில மருத்துவர் ஹென்றி கிரேயின் உடற்கூற்று நூல் 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்று தமிழில் வந்தது.

சொல்லுக்கு அவர் வைத்திருந்த வரிசை எளிமையானது. முதலில் தமிழில் தேடு, கிடைக்காவிட்டால் வடமொழி, அதுவும் சரிவராவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுது. அறுவை மருத்துவ நூலுக்கு 'இரண வைத்தியம்' என்று பெயர் வைத்தார். "ரணம் ஆறிடுச்சா?" என்று கேட்கிற எந்தப் பாட்டிக்கும் அந்தத் தலைப்பு பாதி புரிந்துவிடும். வேதியியல் நூலின் பெயர் 'கெமிஸ்தம்'. ஆங்கிலச் சொல்லைப் பிடித்து, வேட்டி கட்டி உட்காரவைத்த மாதிரி! முதல்முறை பார்த்தபோது சிரித்தேன். அப்புறம் பிடித்துப்போயிற்று.

எல்லாம் அப்படி இல்லை. உடலியங்கியலுக்கு அவர் வைத்த 'சுகரணம்' இன்று யாருக்கும் விளங்காது. அவர் சொற்களை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் கேட்கவில்லை. புதுச்சொல் ஆக்குமுன் அவர் என்ன எழுதினார் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

உடல்நலம் குன்றி 1873இல் ஊர் திரும்பிய பிறகும் அவர் வேலையை விடவில்லை. 'கெமிஸ்தம்' 1875இலும் 'மனுஷ சுகரணம்' 1883இலும் வந்தன. மறு ஆண்டே காலமானார். தமிழருக்கு மருத்துவ ஊழியர் என்று தம் கல்லறையில் பொறிக்கச் சொன்ன மனிதர். அவருடைய வாழ்க்கையும் கடிதங்களும் 1891இல் ஒரே நூலாயின, அதுவும் குடும்ப நண்பர்களுக்கென்று அச்சிட்ட நூல். அதைத் தமிழில் கொண்டுவருவதையும் உங்கள் பட்டியலில் சேருங்கள்.

இன்னொன்று. கிறீனுக்கு எதிரே மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சொல் புரியவில்லையென்றால் முகத்திலேயே தெரிந்திருக்கும். உங்கள் மேசைக்கு எதிரே யார் இருக்கிறார்கள்? அடுத்த அத்தியாயத்தை அச்சுக்கு அனுப்புமுன் முதலாண்டு மாணவி ஒருவரையும் வார்டில் வேலை பார்க்கும் நர்ஸ் ஒருவரையும் கூப்பிட்டு, சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறார்களோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நூல்களுக்காகக் காத்திருக்கும் ஒரு வாசகர்