சோதோம், ரோமர், நம் வீட்டுப் பிள்ளைகள்: பழைய நண்பனுக்கு ஒரு கடிதம்

பழைய வண்ணாரப்பேட்டை,
சென்னை.

அன்புள்ள நண்பனுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே யாவரும் நலம். அங்கே நீயும் உன் வீட்டாரும் நலமாயிருக்க வேண்டுகிறேன். தன்பாலீர்ப்பைப் பற்றி வேதம் சொல்வதை ஒரே விசுவாசத்தில் உள்ளவர்கள் ஏன் இத்தனை விதமாக வாசிக்கிறார்கள் என்று கேட்டு நீ எழுதிய கடிதம் கிடைத்தது. எங்கள் வெள்ளிக்கிழமை வேதபாடக் கூட்டத்திலும் சில வாரங்களாக இதுவே பேச்சு. சபையில் ஒரு குடும்பத்தின் மூத்த மகன் தான் அப்படிப்பட்டவன் என்று பெற்றோரிடம் சொல்லிவிட்டான். அதன் பிறகு இதைப் பேசாமல் ஒதுக்கி வைக்க எங்களால் முடியவில்லை.

எல்லோரும் முதலில் எடுப்பது ஆதியாகமம் 19, பாவத்துக்காகத் தேவன் அழித்த சோதோம் ஊரின் கதை. காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அம்மா கூட்டத்துக்குத் தவறாமல் வருவார். பெரிய எழுத்து வேதாகமத்தை மடியில் விரித்து, எசேக்கியேல் 16:49ஐ விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தவர் நிமிர்ந்து, "அப்போ இருக்கறவன் இல்லாதவனுக்கு உதவாததுதான் சோதோம் பண்ண பாவமாண்ணே?" என்று கேட்டார். உடனே ஓர் இளைஞர், அடுத்த வசனமே அருவருப்பைப் பேசுகிறதே என்றும், யூதா நிருபத்தின் 7ஆம் வசனம் சோதோமின் விபசாரத்தைச் சொல்கிறதே என்றும் காட்டினார். இருவரும் வேதத்தை வைத்துத்தான் பேசினார்கள். ஆனாலும் அந்தக் கதையில் ஊரார் கூடிவந்தது விருந்தாளிகளைப் பலாத்காரம் செய்வதற்காக. மனம் ஒத்து வாழும் இருவரை நியாயந்தீர்க்க அதை எடுப்பது சரியான வாசிப்பு அல்ல என்பது என் தீர்மானம். மரபான கருத்துடைய வேத அறிஞர்களிலும் பலர் இன்று அந்த அதிகாரத்தை முதன்மையாக வைப்பதில்லை.

ஆணோடு ஆண் சேர்வதற்கு லேவியராகமம் 18:22 வெளிப்படையான தடைதான். இரண்டு வகை நூல் கலந்த ஆடையை உடுத்தாதே என்ற கட்டளை அடுத்த அதிகாரத்திலேயே இருக்க, அதை விட்டுவிட்டு இதை மட்டும் பிடிப்பானேன் என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். அதே 18ஆம் அதிகாரத்தில் உள்ள இரத்த உறவு, பிறன்மனை பற்றிய தடைகளை இன்றும் கைக்கொள்கிறோமே என்பது மறு சாராரின் பதில். இரண்டிலும் நியாயம் உண்டு.

மெய்யான வாதம் ரோமர் முதலாம் அதிகாரத்தில்தான் இருக்கிறது. அப்போஸ்தலன் பவுல் அங்கே தன்பால் இச்சையைக் கண்டிக்கும்போது சிருஷ்டிப்பின் ஒழுங்கை மனத்தில் வைத்துப் பேசுகிறார், ஆண்களோடு பெண்களையும் குறிப்பிடுகிறார், ஆகவே இது ஒரு காலத்துக்கு மட்டும் உரிய கட்டளை அல்ல என்பது மரபான வாசிப்பு. பவுல் கண்டது விக்கிரக ஆராதனையோடு பிணைந்த இச்சையையும், எஜமான் அடிமையின் உடலைப் பயன்படுத்திய ரோம வழக்கத்தையுமே, வாழ்நாள் முழுவதும் உண்மையாயிருக்கும் ஓர் இணையை அவர் கண்டதில்லை என்பது மற்ற வாசிப்பு. இரண்டாவது என் மனத்தை அசைக்கிறது. ஆனால் 27ஆம் வசனம் ஒருவர்மேல் ஒருவர் கொண்ட விருப்பத்தைப் பற்றிப் பேசுவதால், எஜமான், அடிமை என்ற விளக்கம் மட்டும் போதும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதே வேளையில், அந்த அதிகாரத்தை உரக்க வாசிக்கும் நாம், "மற்றவர்களைக் குற்றவாளியாகத் தீர்க்கிற மனுஷனே, நீ யாரானாலும் சரி, போக்குச்சொல்ல உனக்கு இடமில்லை" என்று அடுத்த அதிகாரம் தொடங்குவதற்குள் புத்தகத்தை மூடிவிடுகிறோம். பவுல் அங்கே பாவங்களின் பட்டியலை எழுதியதே வாசிக்கிறவன் தன்னைக் கண்டுகொள்வதற்காகத்தான் என்று நம்புகிறேன்.

அமெரிக்கப் புதிய ஏற்பாட்டு அறிஞர் ரிச்சர்ட் ஹேஸை நீ அறிந்திருப்பாய். 1996இல் மரபான வாசிப்புக்கு வலுவாக வாதிட்ட அவர், 2024இல் தம் மகனோடு சேர்ந்து எழுதிய நூலில் அதை மாற்றிக்கொண்டார். ஒரு வசனத்தைப் பிடிப்பதை விட, தேவனுடைய இரக்கம் வேதம் நெடுகிலும் எப்படி விரிந்துகொண்டே போகிறது என்று பார்க்கச் சொல்கிறார். ஏசாயா 56இல் அண்ணகருக்கு (விதையடிக்கப்பட்டோருக்கு) கிடைக்கும் வாக்குத்தத்தமும், அப்போஸ்தலர் 15இல் புறஜாதியாரை விருத்தசேதனமின்றிச் சேர்த்துக்கொண்டதும் இந்த வழியில் வாசிப்பவர்களுக்குப் பெரிய ஆதாரம். அதே 15ஆம் அதிகாரம் வேசித்தனத்துக்கு விலகியிருக்கச் சொல்கிறது என்று மறுப்போர் காட்டும்போது வாதம் மறுபடியும் தொடங்குகிறது.

2023 டிசம்பரில் வத்திக்கான் வெளியிட்ட அறிக்கையோடு உங்கள் கத்தோலிக்கச் சபையில் எல்லாம் மாறிவிட்டதென்று நீ எழுதியிருந்தாய். அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. வழிபாட்டுச் சடங்கு இல்லாமல் அப்படிப்பட்ட இணையருக்கு ஆசீர் அளிக்கலாம் என்று அது சொன்னதே தவிர, திருமணம் பற்றிய போதனையில் கை வைக்கவில்லை. அத்தகையோரை மரியாதையோடும் பரிவோடும் ஏற்க வேண்டும் என்று உங்கள் மறைக்கல்வி நூல் 1992லேயே சொல்லியிருக்கிறது. எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) அங்கமாக இருக்கும் உலகளாவிய ஆங்கிலிக்கன் ஐக்கியத்தின் பேராயர்கள் 1998இல் லாம்பெத் மாநாட்டில், இந்நடத்தை வேதத்துக்கு ஒவ்வாதது என்று தீர்மானித்தார்கள். அதே தீர்மானத்தில் தன்பாலீர்ப்பு உடையோரின் அனுபவத்துக்குச் செவிகொடுப்போம் என்றும் வாக்குக் கொடுத்தார்கள். முதல் பாதியைப் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன், இரண்டாம் பாதியைக் கேட்டதே இல்லை.

ஆணும் பெண்ணும் ஒரே மாம்சமாயிருப்பார்கள் என்று திருமணத்தைப் பற்றி மத்தேயு 19இல் ஆண்டவர் சொன்னதைக் கடந்து போக எனக்கு இன்னும் துணிவு வரவில்லை. ஆனால் வேதத்தை எப்படி வாசித்தாலும் அது அடிப்பதற்கும் துரத்துவதற்கும் உத்தரவு ஆகாது. தன்பாலுறவைக் குற்றமாக்கிய, 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவைத் தளர்த்தி 2009இல் தில்லி உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர்களில் கிறிஸ்தவ அமைப்புகளும் இருந்தன என்பது எனக்கு இன்றும் துக்கம். மனம் ஒத்த உறவு குற்றமல்ல என்று 2018இல் உச்ச நீதிமன்றம் அதைத் தீர்த்துவைத்தது. பாவம் என்று நம்புகிறவனும் அதற்குச் சிறைத் தண்டனை கேட்க வேண்டியதில்லையே.

முதலில் சொன்னேனே, அந்தப் பையனை யாரோ உபவாசக் கூட்டத்துக்கு அழைத்துப்போய் ஆவியைத் துரத்துகிறோம் என்று தலையைப் பிடித்து உலுக்கியிருக்கிறார்கள். இப்போது அவன் கோயில் பக்கமே வருவதில்லை. 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தமக்கே இதில் புரிதல் போதவில்லை என்று சொல்லி, உளவியலாளரிடம் அமர்ந்து கற்ற பின், இவர்களை மாற்றுவதாகச் சொல்லும் மருத்துவ முயற்சிகளைத் தடைசெய்து உத்தரவிட்டார். அப்படி உட்கார்ந்து கற்க எங்கள் ஆயர்களும் மூப்பர்களும் முன்வர வேண்டும் என்று கமிட்டியில் எழுத்துமூலம் கேட்டிருக்கிறேன்.

வருகிற வெள்ளி அப்போஸ்தலர் 15ஐ எடுக்கிறோம். பையனின் தாயும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் உன் கருத்தை எழுதி அனுப்பு. என் வாசிப்பில் எங்கே பிசகு கண்டாலும் தயங்காமல் சொல்.

என்றும் அன்புடன்,
உன் பழைய நண்பன்