பூனையைச் சாக்கில் கட்டுமுன்

வன்னியின் சுகாதார வைத்திய அதிகாரிகளுக்கும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும்,

வணக்கம். என் பெறாமகள் கர்ப்பத்தின் மூன்றாம் மாதத்தில் தனியார் ஆய்வுகூடமொன்றில் எடுத்த ரிப்போட்டில் 'டொக்ஸோ ஐஜிஎம் பொசிட்டிவ்' என்றிருந்தது. டொக்ஸோ என்றால் டொக்ஸோபிளாஸ்மா: பூனை மலம் பட்ட மண்ணாலும் அரைவேக்காட்டு இறைச்சியாலும் தொற்றி, வயிற்றுப் பிள்ளையையும் தாக்கக்கூடிய ஒட்டுண்ணி. கிளினிக்கில் அதைப் பார்த்தவர் ஒன்றும் சொல்லாமல் கொப்பிக்குள் மடித்து வைத்துத் திருப்பிக் கொடுத்தார். பின்னேரமே மருமகன் பூனையைச் சாக்கில் கட்டிக் குளக்கட்டில் விட்டுவிட்டு வந்தார். (மூன்றாம் நாள் அது நெல்மூட்டைக்கு மேல் படுத்திருந்தது.) இரவு, பிள்ளையைக் கலைக்கும் கதையை மாமியார் தொடங்கிவிட்டார்.

ஐஜிஎம் என்பது தொற்றின் தொடக்கத்தில் உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள். ஆனால் அது ஒரு வருசத்துக்கு மேலும் இரத்தத்தில் நிற்கலாம், சிலவேளை பொய்யாகவும் காட்டும். இதைச் சொல்ல அரை நிமிசம் போதும். ஐஜிஜி என்ற இன்னொரு எதிர்ப்புப் பொருள் கிருமியை எவ்வளவு இறுக்கமாகப் பற்றுகிறது என்று பார்க்கும் அவிடிட்டி சோதனை முதல் மூன்று மாதத்து இரத்தத்தில் உயர்வாக வந்தால், தொற்று கர்ப்பத்துக்கு முந்தியது. பிந்தி எடுத்தால் அந்த உறுதி கிடைக்காது. இவளுடைய இரத்தம் கொழும்புக்குப் போய் 'உயர்வு' என்று வர மூன்று கிழமை. அவ்வளவு நாளும் அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

புதிய தொற்றாக இருந்தாலும் வழியிருக்கிறது. பிள்ளைக்குத் தொற்றும் வாய்ப்பைக் குறைக்க ஸ்பைராமைசின் மருந்து தொடங்கலாம். 18 கிழமைக்குப் பிறகு பன்னீர்க்குடத்து நீரில் கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை பார்க்கலாம். பிள்ளைக்கும் தொற்றியிருந்தால் பைரிமெத்தமின், சல்பாடயசின் மருந்துகள், கூடவே அவற்றால் இரத்த எண்ணிக்கை குறையாமல் காக்கப் போலினிக் அசிட். கிளினிக்கில் தரும் போலிக் அசிட் குளிசை இதற்கு ஈடாகாது. பெயர் ஒத்திருப்பதால் மாறிப்போகும்.

எங்கள் பக்கத்தில் பூனையை மட்டும் பழி சொல்லிப் பயனில்லை. அதன் மலம் தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது எடுக்கும். அன்றன்றே வேறொருவர் அள்ளினால் சரி. நெருப்பில் அரைகுறையாக வாட்டிய காட்டுப்பன்றி இறைச்சியையும், வளவில் பிடுங்கி ஒரு தண்ணியில் அலசி அரியும் வல்லாரைச் சம்பலையும் பற்றி யாரும் கேட்பதில்லை. கர்ப்பிணிக்கு நல்லதென்று நாங்களே வல்லாரையை ஊட்டுகிறோம்! முதல் வருகையிலேயே இவற்றைக் கேளுங்கள்.

இன்னொன்று. கர்ப்பத்தின் பிற்பகுதியில் தொற்றினால் பிள்ளைக்குக் கடத்தப்படும் வாய்ப்புக் கூட, ஆனால் பிறக்கும்போது பிள்ளை பெரும்பாலும் கொழுகொழுவென்றே இருக்கும். விழித்திரைப் புண் வருசங்கள் கழித்தும் வரலாம். தொற்றிய பிள்ளைக்கு ஒரு வருச மருந்து, அடிக்கடி இரத்த எண்ணிக்கை. மருந்து முடிந்த பிறகும் கண் பார்க்கவேண்டிய திகதிகளைப் பிள்ளையின் கொப்பியில் தமிழில், பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பெரியம்மா