சித்தப்பா உன்னை விசாரித்தார்

கும்பகோணம்,
ஜூன் முதல் ஞாயிறு

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் வந்தபோது வேதாரண்யம் போக மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம். அதைப் பையில் வைத்து எடுத்துக்கொண்டு போய், சித்தி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் நிதானமாகப் படித்தேன். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததும் ஒரு வரி எழுது. போனில் பேசியிருக்கலாம்தான். ஆனால் உன்னிடம் நான் ஒன்று கேட்க வேண்டும், அதற்கு முன்னால் கொஞ்சம் சொல்லவும் வேண்டும். அதனால் கடிதம்.

இந்த முறை ரயிலில் போனோம். நாம் 1993 கோடை லீவில் போன அதே தடம். அன்றைக்கு மீட்டர் கேஜ் வண்டி, ஜன்னல் ஓரத்துக்கு நீயும் நானும் அடித்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பாதை பல வருஷம் ரயிலே இல்லாமல் கிடந்தது. அகலப்பாதையாக்கி 2023 ஏப்ரலில் மறுபடி திறந்தார்கள். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரைக்கும் 37 கிலோமீட்டர். நெய்விளக்கு, தோப்புத்துறை என்று ஸ்டேஷன் பெயர் வரவர எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. வேதாரண்யம் தாண்டியதும் மகன் கத்தினான், "அப்பா, ஐஸ் மலை!" கீற்று போட்டு மூடிய உப்பு அம்பாரங்கள். நீயும் அன்றைக்கு அதைப் பார்த்து ஏதோ கத்தினாய். என்ன என்றுதான் ஞாபகம் வரவில்லை.

வீடு அப்படியேதான் இருக்கிறது. ஓட்டுக்கூரையில் பாதி கஜா புயலில் போனதால் அந்தப் பக்கம் மட்டும் தகரம். உனக்கு முதலில் மாமரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாம் மூன்று வாரமும் குடியிருந்தோமே, கொல்லையில், அந்த ஒட்டு மாமரம். 2018 நவம்பர் 16 விடியற்காலை அது வேரோடு சாய்ந்தது. அந்தப் பக்கத்தில் அன்றைக்கு நின்ற தென்னையை எண்ணிவிடலாம் என்று சித்தி சொல்வார். எல்லாரும் விழுந்த மரத்தை அறுத்து விற்றார்கள். சித்தப்பா விற்கவில்லை. கிளைகளை மட்டும் கழித்துவிட்டு, வெளியே தெரிந்த வேரை மண்ணும் எருவும் போட்டு மூடி, ஒரு பக்கத்து வேர் இன்னும் பூமிக்குள்ளேதானே இருக்கிறது என்று தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாராம். மரம் இப்போதும் படுத்துத்தான் கிடக்கிறது சேகர். அந்தப் படுத்த அடிமரத்திலிருந்து நாலு கிளை நேராக மேலே எழும்பி, இந்த வருஷம் காய் பிடித்திருக்கிறது. என் பிள்ளைகளுக்கு ஏறவே வேண்டாம், நடந்துபோய்ப் பறித்தார்கள். நான் அந்த அடிமரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நீ பேனாக்கத்தியால் வெட்டிய எழுத்தைத் தேடினேன். அந்தப் பக்கம் மண்ணுக்குள் போய்விட்டது போலிருக்கிறது.

மீன்பிடித் தடைக்காலம் ஆனதால் பெரிய படகுகள் எல்லாம் கரையில் கிடந்தன. ஜூன் 14 வரைக்கும் ஃபைபர் படகுக்காரர்கள் கொண்டுவருவதுதான். விலை தொட முடியவில்லை. இருந்தாலும் சித்தி ஒருநாள் விடாமல் ஏதாவது ஒரு மீன் வாங்கிவிட்டார். மாங்காய் போட்ட நெத்திலிக் குழம்பை என் மகள் மூன்று வேளையும் கேட்டாள். காலையில் வெளிச்சம் வருமுன் சித்தி முல்லை பறிக்கப் போய்விடுவார், மொட்டாக இருக்கும்போதே பறித்துவிட வேண்டுமே. எட்டு மணிக்கு வந்து சமையல். 68 வயசு அவருக்கு.

கோடியக்கரைக்கும் போனோம். பூநாரைகள் இல்லை, அது மழைக்காலத்துக் கூட்டம். காட்டு ஓரத்தில் வெளிமான் ஆண் ஒன்று, முறுக்குக் கொம்போடு, அசையாமல் நின்று எங்களைப் பார்த்தது. அதுவே போதும் என்று இருந்தது. ரோட்டோரம் பாலைப்பழம் விற்றார்கள். தின்ற பிறகு உதடு ஒட்டிக்கொண்டு பிள்ளைகளால் பேச முடியவில்லை. நாமும் இப்படித்தான் ஒட்டின வாயோடு கடலைப் பார்த்து நின்றோம்.

இப்போது சித்தப்பாவுக்கு வருகிறேன்.

வந்த மறுநாள் விடிகாலை நாலரைக்கு அவரோடு உப்பளத்துக்குப் போனேன். மகளும் கூட வருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். வெயில் ஏறுமுன் வாரி முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளை உப்பில் வெயில் பட்டுத் திரும்பி முகத்தில் அறையும். நிலா வெளிச்சத்தில் பாத்திகள் கண்ணாடி வைத்த மாதிரி இருந்தன. தண்ணீரின் மேல் பாலேடு போல மெல்லிசாக ஒரு படலம். விரலால் தொட்டால் சில் சில்லாக உடைந்து அடியில் இறங்குகிறது. அப்படி இறங்கி இறங்கித்தான் கல்லுப்பு ஆகிறது.

உப்புத் தண்ணீரின் பலத்தை டிகிரி என்று சொல்வார்கள், உனக்கு ஞாபகம் இருக்கும். கடல் தண்ணீர் மூன்று மூன்றரைதான் இருக்கும். பாத்தி பாத்தியாக வெயிலில் நிறுத்தி, 25 வந்தால்தான் உப்பு இறங்கத் தொடங்கும். 29-ஐத் தாண்டினால் மிச்சத் தண்ணீரை வடித்துவிட வேண்டும், விட்டுவிட்டால் உப்பில் கசப்பு ஏறிவிடும். அதை அளக்க ஒரு கண்ணாடிக் குழல் உண்டு. சித்தப்பா அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார், ஒரு டம்ளர் தண்ணீரில் மிதக்கவிட்டார். பிறகு அதை என் மகளிடம் நீட்டி, "எத்தனைன்னு பாரும்மா" என்றார். பிள்ளையைச் சந்தோஷப்படுத்தத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். அடுத்த பாத்தியிலும் நீட்டினார். அதற்கடுத்த பாத்தியிலும். டார்ச் அவர் கையிலேயே இருந்தது, ஆனால் ஒரு தடவைகூட அவர் குனிந்து பார்க்கவில்லை.

அவள் "இருபத்து நாலு தாத்தா" என்றாள். அவர் தண்ணீரில் கை வைத்து, விரலோடு விரல் தேய்த்துப் பார்த்து, "ஆமா, இன்னும் ஒரு வெயில் போவட்டும்" என்றார்.

திரும்பி வரும்போது வரப்பில் கால் தடுமாறி என் தோளைப் பிடித்துக்கொண்டார். கேட்டால், "வழுக்கல்டா தம்பி" என்றார். வரப்பு காய்ந்து கிடந்தது.

அன்று மத்தியானம் சித்தி பஞ்சாங்கத்துக்குள்ளிருந்து ஒரு சீட்டை எடுத்துக் காட்டினார். போன வருஷம் ஊருக்கு வந்த கண் முகாமில் கொடுத்தது. இரண்டு கண்ணிலும் புரை, சீக்கிரம் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஒரு வருஷமாக அந்தச் சீட்டு பஞ்சாங்கத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது. நாற்பது வருஷம் அந்த வெள்ளையைப் பார்த்த கண்கள், சேகர். சித்திக்குத் தெரியும் என்பதுகூட அவருக்குத் தெரியாது. நான் எவ்வளவு சொல்லியும், "சீசன் நடுவுல பாத்திய விட்டுட்டு எங்க போறது" என்பதோடு பேச்சை முடித்துவிட்டார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நாங்கள் இருந்தபோதே ஒருநாள் ராத்திரி கோடை மழை பெய்தது. ஊரெல்லாம் குளிர்ந்தது என்று நாங்கள் வாசலில் நின்றோம். அவர் உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். விளைந்திருந்த உப்பெல்லாம் கரைந்து போயிற்று. மறுபடி டிகிரி ஏற ரெண்டு வாரம் ஆகும் என்றார்.

அப்புறம் நான் வேறு வழியில் போனேன். மகனுக்கு முடி வெட்ட வேதாரண்யம் கடைத்தெருவுக்குப் போயிருந்தோம். முடி வெட்டும்போது சித்தப்பா அவனிடம் வைரப்பன் கதையைச் சொன்னார். நமக்கும் சொன்னாரே. 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு ஏப்ரல் 13 அன்று புறப்பட்டு, 28 அன்று வேதாரண்யம் வந்து சேர்ந்தார். 30 அன்று அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளினார்கள். நடந்து வருகிறவர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர்க் கலெக்டர் சொல்லிவிட்டதால், ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டிவைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். அந்தப் போராட்டத்தில் உள்ளூர்த் தலைவர் வேதரத்தினம் பிள்ளையைப் பிடித்துப் போனார்கள். அப்போதுதான் முடிதிருத்தும் தொழிலாளி வைரப்பன், தான் சவரம் செய்துகொண்டிருக்கும் ஆள் போலீஸ் என்று தெரிந்ததும் பாதியில் நிறுத்திவிட்டார். நீதிபதி சொல்லியும் மீதியைச் செய்ய மாட்டேன் என்று சொல்லி ஜெயிலுக்குப் போனார். சித்தப்பா இதைச் சொல்லும்போது இன்னும் அவர் குரல் உயர்கிறது. அவருடைய தாத்தா அந்த ஊர்வலத்தை நேரில் பார்த்தவராம்.

கதை முடிந்ததும் மகன் சுவரில் மாட்டியிருந்த ஒரு பழைய படத்தைக் காட்டி, "தாத்தா, இதுல யாரு அவரு?" என்று கேட்டான். சித்தப்பா படத்தின் பக்கம் திரும்பினார், பக்கத்தில் போனார், நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. கடைக்காரர்தான் அது தன் அப்பா படம் என்று சொன்னார்.

அன்று ராத்திரி கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து உன் பெயரை எடுத்தேன். சேகர் இப்போது மதுரையில் இருக்கிறான், அங்கே கண் ஆஸ்பத்திரியில் அவனுக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், அவன் வீட்டில் தங்கிக்கொள்ளலாம் என்றேன். உன்னைக் கேட்காமலே சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "கால்ல சிப்பி குத்துன புள்ளதானே?" என்று கேட்டார்.

அவருக்கு அது அப்படியே ஞாபகம் இருக்கிறது. உன் உள்ளங்கால் கிழிந்து, உப்புத் தண்ணீர் பட்டு நீ அலறியதும், வாரிக்கொண்டிருந்த பலகையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, உன்னைத் தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டு ரோடு வரைக்கும் நடந்ததும். நான் பின்னாலேயே உன் செருப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். "தழும்பு இருக்கான்னு கேளு" என்றார்.

பிறகு சம்மதித்தார். ஐப்பசி மழை விழுந்து உப்பளம் ஓய்ந்ததும் வருகிறார். முதலில் ஒரு கண், ஒரு மாதம் கழித்து இன்னொன்று என்று வைத்துக்கொள்ளலாமா, டாக்டரிடம் கேட்டு எழுது. நான் அழைத்து வருகிறேன். ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு எனக்கு லீவு கிடைக்காத நாட்களில் அவர் உன் வீட்டில் இருக்க வேண்டியிருக்கும். உன் வீட்டில் கலந்து பேசிச் சொல். முடியாவிட்டாலும் தயங்காமல் சொல்லிவிடு, வேறு ஏற்பாடு பார்ப்பேன். நீ முடியாது என்று சொல்ல மாட்டாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

பக்கத்துத் தெருப் பையன் புதன்கிழமை மதுரை வருகிறான், அவனிடம் ஒரு பை கொடுத்து அனுப்புகிறேன். மேலே இருப்பது அந்த மரத்து மாங்காய், பன்னிரண்டு. ரெண்டு நாள் வைக்கோலில் வைத்தால் பழுத்துவிடும். கீழே துணி முடிச்சில் இருப்பது மழைக்கு முன்னால் வாரிய உப்பு, அதில் கடைசியாக மிஞ்சியது. பிளாஸ்டிக் டப்பாவில் போட வேண்டாம், ஜாடியில் போட்டு வைக்கச் சொல் என்று சித்தி இரண்டு தடவை சொல்லியனுப்பினார்.

தழும்பு பற்றி மறக்காமல் எழுது. அவர் கேட்டுக்கொண்டே இருப்பார்.

உன்,
ரவி